பள்ளி ஆசிரியரின் அணி: சையத் அப்துல் ரஹீமும் தொடராமல் போன மரபும்

கேள்வி

1962 செப்டம்பர் 4 அன்று ஜகார்த்தாவின் செனயான் அரங்கில் தென்கொரியாவை 2-1 என்ற கணக்கில் வென்று, ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்துத் தங்கத்தை இந்தியா பெற்றது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தங்கம் மறுபடி இந்தியாவுக்கு வரவில்லை. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக ஆடியது 1960இல், ரோம் நகரில். இந்த இரண்டு அணிகளையும் பயிற்றுவித்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம். ஜகார்த்தா வெற்றிக்கு ஒன்பது மாதங்கள் கழித்து, 1963 ஜூன் 11 அன்று, புற்றுநோயால் அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 53.

வீரர்கள் அவரை ‘ரஹீம் சாப்’ என்று அழைத்தார்கள். கொல்கத்தாவின் பி.கே. பானர்ஜியும் சுனி கோஸ்வாமியும், செகந்திராபாத்தின் துளசிதாஸ் பலராமும் முதுமை வரை அவரைத் தம் ஆசானாகவே சொல்லி வந்தார்கள். தேசிய அணிப் பயிற்சியாளர் ஒருவருக்கு இந்தியாவில் இவ்வளவு அன்பு கிடைத்தது அரிது. அந்த அன்பு அவர் பெயரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அவர் வேலையைக் காப்பாற்றவில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியே இக்கட்டுரையின் பொருள். 1950 முதல் 1962 வரை ஒருவர் வளர்த்தெடுத்த ஆட்டத்திறன், அவர் மறைந்ததும் ஏன் நிலைக்காமல் போனது? ரஹீமின் மரபு என்று நாம் எதைச் சொல்ல வேண்டும்?

கேள்வி ஹைதராபாத்துக்கோ கொல்கத்தாவுக்கோ மட்டும் உரியதன்று. கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்தின் ஏலாக்குறிச்சி போன்ற ஊர்களில் பள்ளித் திடலில் பந்தோடு நிற்கும் உடற்கல்வி ஆசிரியருக்கும் இதில் பங்குண்டு என்பது என் கருத்து. அதற்கான காரணத்தைக் கட்டுரையின் பிற்பகுதியில் விளக்குகிறேன்.

இதுவரையான புரிதல்

ரஹீமைப் பற்றிய எழுத்துகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, மேதையின் கதை. ஒரு பெரும் மூளை இருந்தது, வென்றோம். அது மறைந்தது, தோற்றோம் என்று அது சொல்கிறது. 2024இல் வெளிவந்த ‘மைதான்’ என்ற இந்தித் திரைப்படம் இந்தப் பார்வையை நாடெங்கும் பரப்பியது. ஒரு தலைமுறையே மறந்திருந்த பெயரை அது மீட்டது நல்ல காரியம். ஆனால் திரைப்படம் இயல்பாகவே ஒரு தனிமனிதரைச் சுற்றி நிற்பது. அவருக்குப் பின்னால் இருந்த ஊரையும் பள்ளிகளையும் சங்கத்தையும் காட்ட அதற்கு நேரம் போதாது.

இரண்டாவது, நிர்வாகத்தின் கதை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அக்கறையின்மை, கொல்கத்தாவின் பெரிய கிளப்புகளின் செல்வாக்கு, மாநிலச் சங்கங்களின் பூசல் ஆகியவற்றை அது காரணமாக்குகிறது. போரியா மஜும்தாரும் கௌஷிக் பந்தோபாத்யாயும் 2006இல் எழுதிய ‘கோல்லெஸ்’, நோவி கபாடியா 2017இல் எழுதிய ‘பேர்ஃபுட் டு பூட்ஸ்’ ஆகிய நூல்களில் இதற்குரிய செய்திகள் நிறைய உண்டு.

மூன்றாவது, ஒப்பீட்டின் கதை. இந்தியா தாழவில்லை, மற்றவர்கள் உயர்ந்தார்கள் என்பது அதன் வாதம். ஐம்பதுகளில் ஆசியக் கால்பந்து இளமையில் இருந்தது. ஜப்பானும் கொரியாவும் மேற்காசிய நாடுகளும் பிறகு வளர்ந்தன. இந்தியா நின்ற இடத்தில் நின்றது.

மூன்றிலும் உண்மை இருக்கிறது. மூன்றும் ஒரே திசையில் பார்ப்பதுதான் குறை. தேசிய அணி, அதன் பதக்கங்கள், அதைத் தேர்ந்தெடுத்த அமைப்பு என்பதோடு அவற்றின் பார்வை நின்றுவிடுகிறது. ரஹீமின் வேலை நாட்களில் பெரும்பகுதி கழிந்த இடமோ வேறு.

வகுப்பறையும் சங்கமும்

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17 அன்று ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து, அதன் அணியில் ஆடினார். பிறகு ஆசிரியரானார். காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி என்று அவர் வேலை பார்த்த பள்ளிகளின் பட்டியல் நீள்கிறது. உடற்கல்வியில் பட்டயமும் பெற்றார். 1943இல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1950 முதல் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியின் பயிற்சியாளர். அதே காலத்தில் தேசிய அணியின் பொறுப்பும் வந்தது.

ஆசிரியர், சங்கச் செயலாளர், போலீஸ் அணிப் பயிற்சியாளர், தேசியப் பயிற்சியாளர் ஆகிய நான்கு பொறுப்புகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பள்ளியில் அவர் சிறுவர்களைப் பார்த்தார். சங்கச் செயலாளராக அவர்களுக்குப் போட்டிகளை நடத்தினார். போட்டிகளில் தேறியவர்களில் பலருக்குப் போலீஸ் அணி வேலையும் சம்பளமும் தந்தது. அங்கே பழகியவர்களில் சிறந்தவர்கள் நாட்டுக்காக ஆடினார்கள். பத்து வயதுப் பையன் முதல் ஒலிம்பிக் வீரன் வரையிலான முழுப் பாதையும் ஒருவரின் கண்பார்வையில் இருந்தது. இப்படியான வாய்ப்பு இந்தியாவில் வேறு எந்தப் பயிற்சியாளருக்கும் அமைந்ததாகத் தெரியவில்லை.

அவர் நடத்திய போட்டிகளின் விதிகள் கவனத்துக்குரியவை. பந்தை உருட்டிக்கொண்டு தனியாக ஓடுவதற்குத் தடை விதித்த போட்டிகளை நடத்தினார். பந்து வந்ததும் இன்னொருவருக்குத் தள்ளியாக வேண்டும். பலவீனமான காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்ற விதியோடு சில ஆட்டங்கள் நடந்தன. வலக்காலில் வல்லவன் இடக்காலைப் பழக்கிக்கொள்ள அது வழியானது. சிறுவர்களை வயதாலும் உயரத்தாலும் பிரித்து மோதவிட்டார். சிறிய உடலுள்ள திறமைசாலி, பெரிய உடலுள்ளவனின் தள்ளலில் நசுங்காமல் வளர அது இடம் தந்தது. இவை எதற்கும் பணம் வேண்டியதில்லை. ஆனால், ஆட்டத்தில் எந்தத் திறன் எந்த வயதில் படியும் என்ற அறிவு வேண்டும். அது வகுப்பறையில் பழகியவரின் அறிவு.

பலராமின் கதை அந்த முறை எப்படி இயங்கியது என்பதைச் சொல்லும். செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் எளிய குடும்பத்தில் பிறந்த அந்த இளைஞனின் ஆட்டத்தை ரஹீம் தற்செயலாகப் பார்த்தார். தேர்வுக்கு வரச் சொன்னார். அவ்வளவு தொலைவு வந்துபோகத் தன்னிடம் காசில்லை என்றான் பையன். வாடகை சைக்கிளுக்காக அவனுக்கு நாள்தோறும் ஒரு ரூபாய் தர ரஹீம் ஏற்பாடு செய்தார். பலராம் பிற்காலத்தில் சொன்ன இந்தச் செய்தியை ரஹீமின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. திறமை எங்கே தடைப்படுகிறது என்பதைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் சரியான உதவியைச் செய்யும் பழக்கம் அது. பலராம் 1956, 1960 ஒலிம்பிக்குகளில் ஆடினார். ஜகார்த்தாவில் தங்கம் வென்றார்.

பலனுக்கான சான்று உள்நாட்டுப் போட்டிகளிலேயே கிடைக்கிறது. ஹைதராபாத் நகரப் போலீஸ் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. டூரண்ட் கோப்பையை 1950, 1954, 1957, 1961 ஆகிய ஆண்டுகளில் கைப்பற்றியது. இடையில் ஆந்திரப் போலீஸ் என்று பெயர் மாறியபோதும் வெற்றி நிற்கவில்லை. மாநில அணிகளுக்கான சந்தோஷ் கோப்பையை 1956-57, 1957-58 என்று அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் ஹைதராபாத் வென்றது. கொல்கத்தாவின் பணமும் ரசிகர் கூட்டமும் இல்லாத ஊர் அது. இவ்வளவும் ஒரு தேசிய முகாமின் சில வாரப் பயிற்சியால் விளைந்திருக்க முடியாது.

ஹெல்சிங்கியின் பாடம்

தேசிய அணியின் கதை வெற்றியில் தொடங்கியது. 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில், மேவாலால் அடித்த கோலால் ஈரானை 1-0 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது. கலந்துகொண்டவை ஆறே அணிகள். அந்தப் பதக்கத்தின் எடையை அதற்குத் தக்கபடிதான் மதிப்பிட வேண்டும்.

மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10-1 என்று இந்தியாவை நொறுக்கியது. இந்தியாவின் ஒரே கோலை அகமது கான் அடித்தார். இந்திய வீரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். குளிரும் ஈரமும் அவர்களை வாட்டின. இந்தத் தோல்விக்குப் பிறகே பூட்ஸ் கட்டாயமாயிற்று. வழக்கமாகச் சொல்லப்படும் கதை இங்கே முடிந்துவிடுகிறது: காலில் பூட்ஸ் இல்லை, தோற்றோம், பூட்ஸ் அணிந்தோம், தேறினோம்.

இந்த விளக்கம் போதாது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் வெறுங்கால் அணி பிரான்ஸிடம் 2-1 என்றுதான் தோற்றது. அன்று சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். இரண்டு பெனால்டிகளை இந்தியா வீணடித்தது. காலணியை மட்டும் காரணமாக்கினால், நான்கே ஆண்டுகளில் ஒரு கோல் வித்தியாசம் ஒன்பதானது ஏன் என்று விளக்க முடியாது. எதிரணியின் தரம் வேறு. யூகோஸ்லாவியா அந்த ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணி. உடல்திறனும் காரணம். அக்காலத்தில் உள்நாட்டு ஆட்டங்கள் 70 நிமிடங்களே நடந்தன. 90 நிமிடங்களுக்கு நம் வீரர்களின் மூச்சு பழகவில்லை. ஆட்ட அமைப்பும் காரணம். எதிரணி வீரர்கள் இடம் மாறி மாறித் தாக்கியபோது யாரை யார் மறிப்பது என்பது நம் தடுப்பு வரிசைக்குப் பிடிபடவில்லை.

தோல்விக்குப் பிறகு ரஹீம் செய்த வேலை மூன்றாவது காரணத்தை அவர் நன்கு உணர்ந்திருந்தார் என்று காட்டுகிறது. 1953இல் ஹங்கேரி அணி லண்டனின் வெம்ப்ளியில் இங்கிலாந்தை 6-3 என்று வென்றது. அந்த அணியின் மையத் தாக்குதல் வீரர் ஹிதெக்குட்டி, கோலருகே நிற்காமல் பின்வாங்கி நின்று எதிரணித் தடுப்பாளரைக் குழப்பினார். உலகக் கால்பந்து அப்போது மாறிக்கொண்டிருந்தது. ஹைதராபாத்தில் இருந்த ஆசிரியர் அந்த மாற்றத்தைப் பின்தொடர்ந்தார். தம் வீரர்களுக்குப் பொருந்துமாறு மாற்றிக்கொண்டார்.

மெல்போர்ன்: மிகையும் உண்மையும்

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. அரையிறுதிக்கு வந்த முதல் ஆசிய அணி அதுவே. இந்தச் சாதனையைப் பற்றி இரண்டு மிகைகள் நிலவுகின்றன.

முதல் மிகை, நான்காம் இடத்தைப் பற்றியது. அந்த ஒலிம்பிக்கில் பல நாடுகள் விலகின. ஹங்கேரி வராததால் முதல் சுற்றை இந்தியா ஆடாமலே கடந்தது. ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்ற ஒரே வெற்றியோடு அரையிறுதிக்குப் போனது. அங்கே யூகோஸ்லாவியாவிடம் 4-1 என்றும், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 என்றும் தோற்றது. இதை மறைப்பதால் ரஹீமுக்குப் பெருமை கூடிவிடாது.

வெற்றி தோல்விக் கணக்கைத் தாண்டி, ஆட்டங்களின் உள்ளே பார்த்தால் வேறொரு உண்மை தெரிகிறது. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர். அரையிறுதியில் இரண்டாம் பாதியின் முதல் கோலை அடித்து முன்னிலை பெற்றது இந்தியாதான். நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்து கோல் போட்ட அதே நாட்டின் அணிக்கு எதிராக இது நடந்தது. அந்த ஒலிம்பிக்குக்குப் பின் சிட்னியில் நடந்த நட்பு ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவை இந்தியா 7-1 என்று வென்றது. ஆகவே மெல்போர்ன் வெற்றி தற்செயலானதன்று. நான்காம் இடம் என்ற எண்ணைவிட, யூகோஸ்லாவியாவோடு இருந்த இடைவெளி குறைந்த அளவே ரஹீமின் பணிக்குச் சரியான அளவுகோல்.

இரண்டாவது மிகை, ஆட்ட அமைப்பைப் பற்றியது. 4-2-4 என்ற அமைப்பை 1958 உலகக் கோப்பையில் பிரேசில் புகழ்பெறச் செய்தது. ரஹீம் அதை 1956இலேயே கையாண்டார்; ஆகவே பிரேசிலுக்கே அவர் முன்னோடி என்று சிலர் எழுதுகிறார்கள். முதல் பாதி ஏற்கத்தக்கது, முடிவு ஏற்கத்தக்கதன்று. அந்த அமைப்பு ஒருவர் கண்டுபிடித்ததன்று. ஹங்கேரியின் ஆட்டத்தில் அதன் வித்து இருந்தது. ஹங்கேரியப் பயிற்சியாளர் பேலா குட்மன் 1957இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ கிளப்புக்கு வந்து அந்நாட்டில் அதை வலுப்படுத்தினார். பல ஊர்களில் பலர் ஒரே காலத்தில் ஒரே சிக்கலுக்கு விடை தேடினார்கள். ரஹீம் அவர்களில் ஒருவர். ஐரோப்பாவிலிருந்து வெகுதொலைவில், தொலைக்காட்சி வராத நாட்டில், ஒரு பள்ளி ஆசிரியர் அந்தத் தேடலில் சமகாலத்தவராக இருந்தார் என்பதே பெரிய செய்தி. ‘முதல்வர்’ என்ற பட்டம் அதற்குத் தேவையில்லை.

ரோமும் ஜகார்த்தாவும்

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா தன் பிரிவில் கடைசி இடம் பெற்றது. பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அது சரிவு. உண்மையில் அது மெல்போர்னைவிடக் கடினமான சோதனை. அந்த ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஹங்கேரியிடம் 2-1 என்றுதான் தோற்றது. அந்த ஒரு கோல் பலராமுடையது. பிரான்ஸோடு 1-1 என்று சமன் செய்தது. அந்தக் கோலை பி.கே. பானர்ஜி அடித்தார். பெருவிடம் 3-1 என்று தோற்றது. ஐரோப்பிய அணிகளோடு நிமிர்ந்து நின்ற கடைசி இந்திய அணி அது. தமிழ்நாட்டைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ் அதில் இருந்தார். அவர் பெயரைப் பின்னால் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஜகார்த்தாவில் அணியின் நிலை இன்னும் கடினமானது. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா விசா மறுத்தது. அதைக் கண்டித்த ஜி.டி. சோந்தி இந்தியர், ஒலிம்பிக் குழுவின் உறுப்பினர். கோபம் இந்தியாவின் மேல் திரும்பியது; தூதரகமே தாக்கப்பட்டது. மைதானத்தில் இந்திய வீரர்கள் காலெடுத்து வைத்தாலே கூச்சல். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1 என்றும், ஜப்பானை 2-0 என்றும் வென்றார்கள். தாய்லாந்து ஆட்டத்தில் தடுப்பாளர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் பலத்த அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று.

ரஹீமின் ஆசிரியத் திறமை முழுமையாக வெளிப்பட்டது இந்த இக்கட்டில்தான். காயத்தோடு தடுப்பு வரிசையில் மோத முடியாத ஜர்னைலை அவர் மையத் தாக்குதல் வீரராக்கினார். அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்றபோது ஜர்னைல் ஒரு கோல் அடித்தார். இறுதி ஆட்டத்துக்குக் கோல் காப்பாளராக, அரையிறுதியில் ஆடிய பிரத்யுத் பர்மனுக்குப் பதிலாகப் பீட்டர் தங்கராஜைத் தேர்ந்தெடுத்தார். நெடிய உருவமும் நீண்ட கைகளும் கொண்ட தங்கராஜ், நீலகிரியின் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில் தேறியவர். அந்த அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. கொரியர்கள் உயரப் பந்துகளால் தாக்குவார்கள் என்று கணித்துச் செய்த தேர்வு இது என்பது பொதுவான விளக்கம்.

இறுதியில் 17ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜியும் 20ஆம் நிமிடத்தில் ஜர்னைலும் கோல் அடித்தார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் எதிர்த்துக் கத்திக்கொண்டிருந்த அரங்கில் 2-1 என்று இந்தியா வென்றது. எட்டே அணிகள் கலந்துகொண்டன என்று இந்த வெற்றியையும் குறைத்துப் பேசுவதுண்டு. ஆனால் இறுதியில் தோற்ற தென்கொரியா 1956, 1960 ஆசியக் கோப்பைகளை அடுத்தடுத்து வென்ற நாடு. அந்த நாளில் ஆசியாவில் அதைவிட வலிய எதிராளி இல்லை. நோய் முற்றிய நிலையில், ஆட்டத்துக்கு முந்தைய இரவு, எனக்கொரு பரிசு தாருங்கள் என்று ரஹீம் கேட்டதை வீரர்கள் பிற்காலத்தில் கண்கலங்கச் சொன்னார்கள். அந்த வேண்டுகோளை நிறைவேற்றும் வல்லமை அவர்களிடம் இருந்ததற்குக் காரணம், பல ஆண்டுப் பழக்கம்.

1963க்குப் பின்

உடனடிச் சரிவு நிகழவில்லை. 1964 ஆசியக் கோப்பையில் இங்கிலாந்துப் பயிற்சியாளர் ஹாரி ரைட்டின் கீழ் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. ஆனால் கலந்துகொண்டவை நான்கே அணிகள். அதே ஆண்டின் டோக்கியோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்றில் ஈரானிடம் தோற்று வாய்ப்பை இழந்தது. 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் கிடைத்தது. அந்த அணியின் தலைவர் சையத் நயீமுத்தீன் ஹைதராபாத்தில் தேறியவர்; பயிற்சிப் பொறுப்பில் ரஹீமின் மாணவர் பி.கே. பானர்ஜி இருந்தார். கவனிக்க வேண்டியது இது: 1970 வரை வந்த பலன்கள் ரஹீமின் காலத்தில் விதைத்தவை. விதைப்பு நின்றது, கையிருப்பு தீரும்வரை அறுவடை நடந்தது.

மாணவர்கள் வழியே அவருடைய அறிவு பரவவும் செய்தது. பி.கே. பானர்ஜி கொல்கத்தாவின் பெரும் பயிற்சியாளரானார். நயீமுத்தீன் 1990இல் துரோணாச்சாரியார் விருது பெற்ற முதல் கால்பந்துப் பயிற்சியாளர். சைமன் சுந்தரராஜின் பயிற்சியில் 1973இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது. கேரளக் கால்பந்தின் தன்னம்பிக்கைக்கு அந்த வெற்றி ஒரு தொடக்கம். ரஹீமின் அணியில் ஆடிய ஒரு தமிழர் அங்கே ஒரு மாநிலத்தின் கதையை மாற்றினார் என்பதைத் தமிழ்நாட்டில் நாம் போதுமான அளவு பேசவில்லை. ஆக, ரஹீமோடு எல்லாம் செத்துப்போயிற்று என்ற கூற்று தவறு. தனி மனிதர்கள் வழியே மரபு தொடர்ந்தது. ஒரு முறையாக, ஓர் அமைப்பாக மட்டும் தொடரவில்லை.

ஜப்பானோடு ஒப்பிட்டால் இது துலங்கும். 1960இல் ஜப்பான் ஜெர்மானியப் பயிற்சியாளர் டெட்மார் கிராமரை அழைத்தது. 1962இல் அந்த நாட்டின் அணியை ரஹீமின் அணி 2-0 என்று வென்றது. ஆனால் கிராமர் ஓர் அணியை உருவாக்கியதோடு நிற்கவில்லை. நாடு தழுவிய லீக் வேண்டும், பயிற்சியாளர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். 1965இல் ஜப்பான் கால்பந்து லீக் தொடங்கியது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜப்பான் வெண்கலம் வென்றது. 1969இல் ஃபிஃபாவின் பயிற்சியாளர் பள்ளி கிராமரின் தலைமையில் ஜப்பானில் நடந்தது. அங்கே மாணவராகப் போனவர்களில் ஒருவர் பி.கே. பானர்ஜி. ஜகார்த்தாவில் ஜப்பானை வென்ற அணியின் நாயகர், ஏழாண்டுகளில் பயிற்சிக் கலையைக் கற்க ஜப்பானுக்குப் போக வேண்டியிருந்தது. தன் நாட்டிலேயே அவருக்கு அதைக் கற்றுத்தந்த ஆசிரியரின் பெயரில் இந்தியாவில் ஒரு பள்ளி எழவில்லை. தேசிய லீக் இந்தியாவில் தொடங்கியது 1996இல்.

‘மற்றவர்கள் உயர்ந்தார்கள்’ என்ற மூன்றாவது விளக்கத்தை இந்த ஒப்பீடு திருத்துகிறது. மற்றவர்கள் தாமாக உயரவில்லை. நல்ல ஆசிரியர் ஒருவர் கிடைத்தபோது அவருடைய அறிவை லீக்காகவும் பாடத்திட்டமாகவும் மாற்றிக்கொண்டார்கள். நாம் நல்ல ஆசிரியரை நம் மண்ணிலேயே பெற்றோம். அவர் இருக்கும்வரை பயன்படுத்தினோம். இன்று ரஹீமின் முறையைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அவருடைய வீரர்களின் நினைவுகளிலிருந்தும் பேட்டிகளிலிருந்தும் வந்தது. பலராம் 2023 பிப்ரவரியில் இறந்தார். ரஹீமின் மகனும் 1960 அணியில் இருந்தவருமான ஹக்கீம் 2021இல் இறந்தார். சாட்சிகள் போகப்போகச் சான்றும் குறைகிறது.

ஹைதராபாத்தின் அடித்தளமும் தளர்ந்தது. திறமையாளர்கள் கொல்கத்தாவுக்குப் போவது ரஹீமின் காலத்திலேயே தொடங்கியது. பலராம் 1957இல் ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். ரஹீம் இருந்தவரை, போனவர்களின் இடத்தை நிரப்பப் புதியவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். பள்ளியையும் சங்கத்தையும் போலீஸ் அணியையும் ஒன்றாகக் கட்டியிருந்த கயிறு அவரேதான். அதை ஒரு பதவியாகவோ விதியாகவோ மாற்றாததால், அவரோடு அது அவிழ்ந்தது. மேதையின் கதை சொல்லத் தவறுவது இதையே. அவருடைய மரணம் ஒரு மூளையின் இழப்பாக இருந்ததைவிட, ஓர் இணைப்பின் இழப்பாக இருந்தது.

கொள்ளிடக் கரையிலிருந்து

ஏலாக்குறிச்சிக்கு ஓர் ஆசிரியரின் வரலாறு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் இந்த ஊரை மையமாகக் கொண்டு வாழ்ந்தார். அடைக்கல மாதா திருத்தலம் அவர் எழுப்பியது. ஊருக்குத் திருக்காவலூர் என்ற பெயரையும் தந்தார். ‘சதுரகராதி’, ‘தொன்னூல் விளக்கம்’ போன்ற நூல்களைப் படைத்தார். அவரிடம் நேரில் பாடம் கேட்டவர்கள் சிலரே. நூலாக அமைந்த பாடம் மூன்று நூற்றாண்டுகளாகத் தமிழ் படிப்பவர்களுக்குப் பயன்படுகிறது. கற்பித்தல் எழுத்தாகவும் முறையாகவும் மாறும்போது ஆசிரியரின் ஆயுளைத் தாண்டுகிறது. ரஹீமின் கற்பித்தலுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

இனி இங்கே என்ன செய்யலாம்? அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கால்பந்து பெரும்பாலும் குறுவட்டப் போட்டியோடு தொடங்கி அங்கேயே முடிகிறது. பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகள் தோற்றவரை வெளியேற்றும் முறையில் நடப்பவை. முதல் ஆட்டத்தில் தோற்ற பள்ளிக்கு அந்த ஆண்டின் கால்பந்து அன்றோடு சரி. பி.டி. வாத்தியாருக்கு அதற்கு மேல் ஊக்கமோ பொறுப்போ அமைவதில்லை. ரஹீம் இதைத் தலைகீழாகச் செய்தார். திறனை வளர்க்க வேண்டிய வயதில் நிறைய ஆட்டங்களைத் தந்தார், கோப்பையைத் தள்ளிவைத்தார். பலவீனக்கால் ஆட்டத்துக்கும் உயரப் பிரிவுக்கும் தனி நிதி வேண்டியதில்லை. பக்கத்துப் பள்ளிகள் நான்கு சேர்ந்து ஆண்டு முழுவதும் சனிக்கிழமைகளில் ஆடும் ஒரு சிறு லீக்குக்குத் திருமானூர் ஒன்றியத்தில் இடமுண்டு. தேவை, அதைத் தொடர்ந்து நடத்தும் பொறுப்பு. அடுத்து வரும் ஆசிரியர் எடுத்து நடத்தும்படி எழுதிவைத்த குறிப்பு.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று சொல்பவர்களுக்குப் பக்கத்து மாவட்டத்தையே காட்டலாம். கடலூரில் பயிற்சியாளர் மாரியப்பன் பல ஆண்டுகள் பொறுமையாகப் பெண்களுக்குக் கால்பந்து கற்றுத்தந்தார். அந்த ஊரிலிருந்து இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்குப் போனார். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் ஆனார். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இல் மணிப்பூரை வென்று தேசியப் பட்டம் பெற்றது. உள்ளூர் ஆசிரியர், தொடர்ந்த ஆட்டம், திறமைக்கு ஒரு வேலை என்ற மூன்றும் சேர்ந்தால் என்ன விளையும் என்பதை ஹைதராபாத் ஐம்பதுகளில் காட்டியது. கடலூர் நம் காலத்தில் காட்டுகிறது. கடலூருக்கும் ரஹீமுக்கு நேர்ந்தது நேரக் கூடாது. அந்த உழைப்பும் ஒருவரின் தோளிலேயே தங்கிவிடாமல் முறையாக மாற வேண்டும்.

முடிவுரை

ரஹீமின் சாதனையை நியாயமாக எடைபோட்டால் மூன்று முடிவுகளுக்கு வரலாம். ஒன்று, பதக்கங்களைச் சுற்றியுள்ள மிகைகளை விலக்கினாலும் அவருடைய பணி சிறுக்கவில்லை. ஹெல்சிங்கியிலிருந்து ஜகார்த்தா வரை இந்திய ஆட்டம் உண்மையாகவே வளர்ந்தது. இரண்டு, அந்த வளர்ச்சியின் வேர் தேசிய முகாமில் இல்லை. ஒரு நகரத்தின் பள்ளிகளையும் சங்கத்தையும் வேலை தரும் அணியையும் ஒருவர் இணைத்ததில் இருந்தது. மூன்று, 1963க்குப் பின் நாம் இழந்தது அந்த இணைப்பை. அதை நிறுவனமாக மாற்றத் தவறியது கூட்டமைப்பு, மாநிலச் சங்கங்கள், அரசு ஆகிய எல்லோரின் பொறுப்பு.

ஆகையால் ரஹீமுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் சிலையோ விருதோ அன்று. இந்திய அணிக்கு அடுத்த பயிற்சியாளர் எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்பதைவிட, ஒவ்வொரு ஒன்றியத்திலும் பத்து வயதுக் குழந்தைகளுக்கு யார் கற்பிக்கிறார், அவருக்கு ஆண்டு முழுவதும் எத்தனை ஆட்டங்கள் கிடைக்கின்றன, அவர் ஓய்வு பெற்றபின் அந்த வேலையை யார் எடுத்துக்கொள்கிறார் என்பவை முக்கியமான கேள்விகள். அவற்றுக்கு விடை சொல்லும் மாவட்டம் எதுவோ, ரஹீம் சாபின் மரபு அங்கேதான் தொடர்கிறது என்று சொல்ல முடியும்.